பொதுத்துறை ஊழியர்களின் இலவச பார்க்கிங்கையும் பயணப்படியையும் நிர்வாகம் குறைப்பது நியாயமா? ஊழியர்கள் என்ன செய்யலாம்?

நியாயமா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இந்த மாதிரி சுற்றறிக்கைகளில் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களை ஒன்றாகச் சேர்த்து விடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வந்து வண்டியை விடும் இடம் ஒன்று, வேலைக்குள் வந்தபிறகு வேலை நிமித்தமாகவே நாலு இடம் போய் வருவதற்கு ஆகும் செலவு இன்னொன்று. முன்னதைக் குறைத்தால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, எப்படிக் குறைக்கிறார்கள் என்பதில்தான் சண்டை. பின்னதில் கை வைத்தால் அது நேரடியான சம்பள வெட்டு.

நான் பொதுத்துறை அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பல வருடம் பயணப்படி பில் பார்த்தவன், அப்புறம் ஊழியர் சங்கத்திலும் இருந்தேன். அதனால் இரண்டு தரப்பும் என்ன பேசும் என்று ஓரளவு தெரியும்.

முதலில் பார்க்கிங். ஒரு கார் நிற்கும் கட்டம் சுமார் 12 சதுர மீட்டர். உள்ளே வரவும் திரும்பவும் வெளியேறவும் வேண்டிய வழியைச் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வரை போய்விடும். அந்தக் காரில் வந்தவருக்கு உள்ளே மேஜை நாற்காலி போட ஒதுக்கிய இடம் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. நகரத்துக்கு நடுவே அந்த நிலம், தளம், விளக்கு, காவலர் எல்லாவற்றுக்கும் யாரோ காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொதுத்துறை என்றால் மக்கள் பணம். அதே அலுவலகத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற எழுத்தருக்கு இதில் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. காரில் வருகிறவர் பொதுவாக அவரைவிடக் கூடுதல் சம்பளம் வாங்குபவராகவும் இருப்பார். ஆகவே இலவச பார்க்கிங் ஊழியர் எல்லோருக்குமான உரிமை என்று சங்க மேடையில் யாராவது முழங்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த மறைந்த டொனால்ட் ஷூப். கலிபோர்னியாவில் 1992ல் ஒரு சட்டம் வந்தது. வாடகைக்கு இடம் எடுத்து ஊழியர்களுக்கு இலவச பார்க்கிங் தரும் குறிப்பிட்ட வகை நிறுவனங்கள், அந்த இடம் வேண்டாம் என்கிற ஊழியருக்கு அதற்கு ஈடான பணத்தைக் கையில் கொடுக்க முன்வர வேண்டும் என்றது அது. ஷூப் அப்படிச் செய்த எட்டு நிறுவனங்களைப் பார்த்தார். தனியாகக் கார் ஓட்டி வந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63 ஆகக் குறைந்தார்கள், ஒரே காரில் சேர்ந்து வருவது 14லிருந்து 23 சதவீதமாக ஏறியது. யாரையும் தண்டிக்கவில்லை, யார் பார்க்கிங்கையும் பிடுங்கவில்லை. வேண்டுமானால் இடம், வேண்டாமென்றால் பணம், அவ்வளவுதான். நம் நிர்வாகங்கள் இந்த வழியை ஏன் யோசிப்பதே இல்லை என்றால், இதில் உடனடியாக மிச்சம் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது இந்த நிதியாண்டின் கணக்கில் ஒரு வரி குறைவது.

சரி, நடைமுறையில் என்ன நடக்கிறது? முதல் சுற்றில் அடி வாங்குவது எப்போதும் கீழ்மட்டம்தான். பொது பார்க்கிங்குக்குக் கட்டணம் போடுவார்கள், அல்லது பாதியை மூடி ‘பார்வையாளர்களுக்கு’ என்று பலகை மாட்டுவார்கள். வாசலை ஒட்டி பதவிப் பெயர் எழுதிய கட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பதவியில் இருப்பவர் அன்றைக்கு லீவாக இருந்தாலும் சரி, வெளியூர் கூட்டத்துக்குப் போயிருந்தாலும் சரி, கட்டத்தின் குறுக்கே சங்கிலி தொங்கும். அதைச் சுற்றிச் சுற்றி மதிய ஷிப்ட்காரர் இடம் தேடிக்கொண்டிருப்பார். காலை ஷிப்ட் கிளம்புவதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டியவர் அவர், ஆனால் வண்டியை எடுக்க வேண்டியவர்கள் இன்னும் உள்ளே வேலையில் இருக்கிறார்கள். ஷிப்ட் மாறும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்பது திட்டம் போடுகிறவர்களுக்கு ஏனோ தோன்றுவதே இல்லை, அவர்கள் பத்து மணிக்கு எண்ணிப் பார்த்துவிட்டு இடம் போதும் என்று குறிப்பு எழுதிவிடுவார்கள்.

மருத்துவமனைகளில் இது இன்னும் மோசம். இங்கிலாந்தில் கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கு பார்க்கிங்கை இலவசமாக்கினார்கள். 2022 மார்ச் இறுதியோடு அதற்கான நிதி நின்றது. கைதட்டி முடித்த கையோடு கட்டணம் திரும்பி வந்தது என்று ஊழியர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம், இரவு ஷிப்ட் ஊழியர்களுக்கு இலவசம் என்பதை மட்டும் தனியாக வைத்துக்கொண்டார்கள். நடுராத்திரி பஸ்ஸே ஓடாத நேரத்தில் வந்து போகிறவரையும் பகலில் வரும் அலுவலகக்காரரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்கிற அடிப்படை அறிவு அதில் இருக்கிறது. நீங்கள் பேச்சுவார்த்தைக்குப் போனால் முதலில் கேட்க வேண்டிய விலக்கு இதுதான். அடுத்தது மாற்றுத்திறனாளிகள், பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு நேராக வருகிறவர்கள்.

கட்டணம் வந்தே தீரும் என்றால் அது மாதக் கட்டணமாக இருக்கக் கூடாது, தினக் கட்டணமாக இருக்க வேண்டும். மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டவர், கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று தினமும் கார் எடுப்பார், பஃபேயில் காசு கொடுத்தவர் வயிறு நிறைந்தபிறகும் இன்னொரு தட்டு எடுக்கிற மாதிரி. தினக்கணக்கு என்றால் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்தால் அந்த இரண்டு நாள் மிச்சம். பகுதிநேர ஊழியருக்கும், வீட்டிலிருந்து பாதி நாள் வேலை செய்பவருக்கும் இதுதான் நியாயம். சியாட்டிலில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை இப்படித் தினக்கணக்கில் வசூலித்து, கார் எடுக்காத நாளுக்குத் திருப்பிப் பணமும் கொடுத்து நல்ல பலன் கண்டது. சம்பள நிலைக்கு ஏற்ற கட்டணமும் கேட்கலாம். துப்புரவுப் பணியாளருக்கும் இயக்குநருக்கும் ஒரே தொகை என்பது பார்க்கச் சமமாக இருக்கும், பே ஸ்லிப்பில் சமமாக இருக்காது.

வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம் 2012 ஏப்ரலில் வேலையிட பார்க்கிங் வரி கொண்டுவந்தது. 11 அல்லது அதற்கு மேல் இடம் வைத்திருக்கும் நிறுவனங்கள், தொடங்கிய ஆண்டில் ஓர் இடத்துக்கு வருடம் 288 பவுண்ட் கட்ட வேண்டியிருந்தது. நிறுவனமே கட்டலாம், ஊழியர் தலையிலும் கட்டலாம், இரண்டும் நடந்தது. கூச்சலும் இருந்தது. ஆனால் அந்தப் பணம் போக்குவரத்துக்கு மட்டுமே என்று ஒதுக்கி வைத்து, டிராம் பாதையை நீட்டினார்கள், 2015ல் அது ஓடவும் ஆரம்பித்தது. பிடித்த பணத்துக்கு ஊழியர் ஏறிப் போக ஒரு வண்டியாவது வந்தது. உங்கள் அலுவலகத்தில் பிடிக்கிற பணம் பொதுக் கணக்கில் கரைந்து போகிறது என்றால் தாராளமாக எதிர்க்கலாம். அலுவலக பஸ், சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை, பஸ் பாஸில் ஒரு பங்கு, ஏதாவது ஒன்று முதலில் வரட்டும், கட்டணம் அதற்குப் பிறகு வரட்டும். வரிசை மாறினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி பயணப்படி. இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீடு வீடாகப் போகும் செவிலியர், ஆய்வாளர், சமூகப் பணியாளர், இவர்கள் சொந்த வண்டியை அலுவலகத்துக்காக ஓட்டுகிறார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தருவதில் பெட்ரோல் மட்டும் அடங்கவில்லை. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், வண்டியின் விலை தேய்வது எல்லாம் அதில்தான் வர வேண்டும். பிரிட்டனில் வரி இல்லாமல் தரக்கூடிய அளவை 2011ல் மைலுக்கு 40 பென்ஸிலிருந்து 45 ஆக்கினார்கள், அதன்பிறகு வருடக்கணக்காக எரிபொருள் விலை எங்கெங்கோ போய்வந்தும் அந்த எண் அசையவில்லை. இதுபோக அங்கே உள்ளாட்சி ஊழியர்களில் வண்டி இல்லாமல் வேலையே பார்க்க முடியாதவர்களுக்கு, எஞ்சின் அளவைப் பொறுத்து வருடம் 846 முதல் 1,239 பவுண்ட் வரை ஒரு மொத்தத் தொகை உண்டு. 2010க்குப் பிந்தைய சிக்கன ஆண்டுகளில் பல மன்றங்கள் அதை வெட்டின. வெட்டாமலே விகிதத்தை அப்படியே உறைய வைப்பதும் வெட்டுதான், சத்தம் வராத வெட்டு.

பில் மேஜையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். படிவத்தில் கிளம்பிய இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், காரணம் என்று நாலு கட்டம். சிக்கன உத்தரவு வந்ததும் தணிக்கைக்காரர் வரைபடத்தில் குறுக்கு வழியைப் பார்த்து, எழுதிய தூரத்தைச் சிவப்பு மையில் அடித்துக் குறைப்பார். அந்தக் குறுக்கு வழியில் மழைக்காலத்தில் வண்டி போகாது என்பது படிவத்தில் எழுத இடமில்லாத விஷயம். இரண்டு மூன்று முறை அடிபட்டதும் ஊழியர் சண்டை போடமாட்டார், பேசாமல் போவதைக் குறைத்துக்கொள்வார். நேரில் பார்க்க வேண்டியவரைப் போனில் விசாரித்துவிட்டு ‘பார்த்தேன்’ என்று எழுதுவார். நிர்வாகம் இதைச் சேமிப்பு என்று ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளும். சேவை கிடைக்காத வீட்டுக்காரருக்கு ஏன் என்று தெரியவே தெரியாது.

பயண நேரமும் இதே கதைதான். நிலையான அலுவலகம் இல்லாத ஊழியருக்கு, காலையில் வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும் கடைசி இடத்திலிருந்து வீடு திரும்பும் நேரமும் வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 செப்டம்பரில் தீர்ப்பு சொன்னது. ஸ்பெயினில் ஒரு நிறுவனம் வட்டார அலுவலகங்களை மூடிவிட்டு, வீட்டிலிருந்தே கிளம்பச் சொன்னதில் வந்த வழக்கு. அந்தத் தீர்ப்பு உங்கள் நாட்டைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம், ஆனால் அலுவலகத்தை மூடி உங்கள் வீட்டையே அலுவலகமாக்கும் உத்தி எங்கும் ஒன்றுதான். வாதத்துக்கு உதவும்.

நீங்கள் செய்ய வேண்டியது: நியமன ஆணை, பணி விதிகள், கடைசியாகப் போட்ட ஊதிய ஒப்பந்தம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயணப்படி அதில் எழுத்தில் இருந்தால் ஒரு சுற்றறிக்கையால் அதை எடுத்துவிட முடியுமா என்பதே பெரிய கேள்வி, சங்கத்தின் வக்கீலிடம் போக வேண்டியது அதுதான். பார்க்கிங் பெரும்பாலும் எழுத்தில் இருக்காது, வழக்கமாகத் தந்ததாக மட்டும் இருக்கும், அதை வைத்து நீதிமன்றம் போவதைவிடப் பேரம் பேசுவது புத்திசாலித்தனம். எத்தனை இடம், யார் யாருக்கு ஒதுக்கியது, பராமரிப்புச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியலைக் கேட்டாலே பதவிப் பெயர் எழுதிய கட்டங்களைப் பற்றி அவர்களுக்குத் திடீர் ஞானம் பிறக்கும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சொந்த வண்டியை வேலைக்கு ஓட்டுகிறவர்கள் இன்சூரன்ஸ் அந்த உபயோகத்துக்குச் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில பாலிசிகளில் வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருவது மட்டும்தான் அடங்கும். தனியாக ஒரு குறிப்பேட்டில் அன்றன்றைக்கு ஓடிய தூரத்தை மீட்டர் அளவோடு எழுதி வையுங்கள். சொந்த வண்டி வேண்டும் என்று ஆணையில் நிபந்தனை இல்லையென்றால், இந்த விகிதத்தில் என்னால் ஓட்ட முடியாது, அலுவலக வண்டி கொடுங்கள் என்று மரியாதையாக எழுதிக் கொடுக்கலாம், ஒருவர் எழுதினால் மெமோ வரும், ஒரு பிரிவு முழுக்க எழுதினால் கூட்டம் போடுவார்கள். அமலாகும் தேதிக்கு முன்னால் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.