விருது கிடைத்ததைப் பதிவிட்டால் தம்பட்டம் ஆகிவிடுமா?

கேள்வி: மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்துதரும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் பதிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 15 நிமிடமாகக் குறைத்ததற்காக எங்கள் குழுவுக்கு நிறுவனத்தின் விருது கிடைத்தது. குழுவுக்குத் தலைமை நான்தான். லிங்க்ட்இன்னில் எழுத உட்கார்ந்தால் பீற்றிக்கொள்வது போலத் தோன்றுகிறது. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக எழுதுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்தால்தான், ஆள் தேடுபவருக்கு உங்கள் பெயர் ஞாபகம் வரும்.

ஆனால் உங்கள் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தன் வெற்றியைச் சொல்பவர், கேட்பவரின் சந்தோஷத்தை உள்ளதைவிடக் கூட்டியும் எரிச்சலை உள்ளதைவிடக் குறைத்தும் தப்புக்கணக்குப் போடுகிறார் என்று 2015-ல் ‘சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. இதற்குப் பயந்து பலர் பணிவைப் போர்த்திக்கொள்கிறார்கள். “எனக்குப் போய் ஏன் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை”, “வாழ்த்துகளுக்குப் பதில் சொல்லியே களைத்துவிட்டேன்” என்றெல்லாம் எழுதுகிறார்கள். தயவுசெய்து இது மட்டும் வேண்டாம். நேராகப் பெருமைப்படுபவரைவிட இப்படிச் சுற்றி வளைப்பவரைத்தான் மக்களுக்குக் குறைவாகப் பிடிக்கிறது, அதில் உண்மையில்லை என்று அவர்களுக்குப் பட்டுவிடுகிறது என்று 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வு சொல்கிறது.

அதனால் செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நீளமான பதிவில் முதல் சில வரிகள்தான் கண்ணில் படும், மிச்சத்தைத் தட்டித்தான் படிக்க வேண்டும். “எங்கள் குழுவுக்கு நிறுவன விருது கிடைத்திருக்கிறது, ரொம்ப சந்தோஷம்” என்றாலே போதும். அப்புறம் விருதை விட்டுவிட்டு வேலைக்கு வாருங்கள். காத்திருப்பு ஏன் 40 நிமிடம் ஆனது? ஒரே விவரத்தை நோயாளி மூன்று இடத்தில் எழுத வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை எழுதுங்கள். அதை யார் கவனித்தார், எதை மாற்றினீர்கள், எது முதலில் சரிப்படவில்லை என்பதையும் எழுதுங்கள். அதே சிக்கலோடு மல்லுக்கட்டும் இன்னொருவருக்கு அது உதவும். உதவுகிற பதிவை யாரும் தம்பட்டம் என்று நினைக்க மாட்டார்கள்.

நன்றி சொல்வதும் அப்படித்தான். “உறுதுணையாக இருந்த அனைவருக்கும் நன்றி” என்பதில் யாரும் தன்னைப் பார்க்க முடியாது. மென்பொருள் சோதனை முழுவதையும் ஒருவர் தனியாளாகப் பார்த்திருந்தால், அவரைக் கேட்டுவிட்டுப் பெயரோடு எழுதுங்கள். அதற்காக உங்கள் பங்கை மறைக்கவும் வேண்டாம். “குழுவுக்குத் தலைமை வகித்தேன்” என்பது தகவல்தான்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: அந்த 40, 15 எல்லாம் மருத்துவமனையின் கணக்கு. அவர்களிடமும் உங்கள் நிறுவனத்திடமும் அனுமதி வாங்காமல் பெயரையோ எண்ணையோ வெளியிடாதீர்கள். நோயாளிகள் தெரியும் படம் கூடவே கூடாது.

அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடக்கும் வாரமாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள். மற்றபடி ஒருமுறை போட்டால் போதும். சுயவிவரத்தில் விருதுகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, நிரந்தரமாக இருக்க வேண்டியது அங்கே இருக்கட்டும். பதிவிட்ட அன்று கொஞ்சம் நேரம் ஒதுக்கி, வாழ்த்துபவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்பவருக்கு மட்டும் விரிவாகவே பதில் எழுதுங்கள்.