அகதிக் குடும்பங்களுக்கு இணையத்தில் எழுதுவது எப்படி: கேள்வி பதில்

எழுத்து, குரல்பதிவு, காணொளி, படிவம், மொழிபெயர்ப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒருவருடைய சொந்த வழக்கைப் பற்றி மட்டும் வேண்டாம். அதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: அக்கா, நாலு பேர் சேர்ந்து ஒரு தளம் தொடங்குகிறோம். முதலில் என்ன எழுதுவது?

‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். மக்கள் கையில் கொண்டுவரும் கடிதங்களில் ஆரம்பியுங்கள். நேர்காணலுக்கு அழைக்கும் கடிதம், மறுப்புக் கடிதம், பள்ளிச் சேர்க்கைக் கடிதம், தங்குமிடம் மாற்றும் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: கடிதம் பார்க்க எப்படி இருக்கும், எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும், இலவச உதவி எங்கே. இப்படிப் பத்துப் பக்கம் தேறினால் தளம் தயார்.

விடையை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

“மேற்படி முடிவினால் பாதிக்கப்பட்டோர் குறித்த காலவரையறைக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.”

இதைப் படித்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. இப்படி மாற்றுங்கள்:

“உங்கள் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்களா? எதிர்த்துக் கேட்க வழி உண்டு. அதற்குக் கடைசி நாள் இருக்கிறது. முதலில் கடிதத்தில் அந்த நாளைத் தேடுங்கள். இன்றே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.”

நாள் கணக்கு எதிலிருந்து தொடங்குகிறது, கடிதத்தில் உள்ள தேதியிலிருந்தா, கடிதம் கைக்கு வந்த தேதியிலிருந்தா? இதை எழுதாமல் “14 நாட்கள்” என்று மட்டும் போட்டால் பாதித் தகவல்தான். கெடு தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சரிபார்த்த தேதி போடுங்கள், அடியில் வேண்டாம். விதி மாறிய பிறகும் பழைய பக்கத்தைத் தேடுபொறி கொண்டுவந்து காட்டிக்கொண்டே இருக்கும். பக்கமே இல்லையென்றால் ஆள் யாரிடமாவது கேட்பார். தப்பான பக்கம் இருந்தால் நம்பிப் போய் மாட்டிக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க ஒரு பொறுப்பாளர் இல்லாத பக்கத்தை வெளியிடவே கூடாது.

கேள்வி: எந்த ஆப் செய்தால் நல்லது?

செய்யாதீர்கள். ஏற்கெனவே போனில் இருப்பதில் போய்ச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் பகுதிக் குடும்பங்களில் பல பெரியவர்களுக்கு வாசிக்க வராது. குரல்பதிவு அனுப்பலாமா? எவ்வளவு நீளம்?

நல்ல கேள்வி. மியான்மரிலிருந்து வந்த ரொஹிங்யா மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஹனிஃபி எழுத்து, எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துத் தரமான யூனிகோடில் சேர்ந்ததே 2018-ல்தான். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே எழுத்தை நம்பினால் வேலைக்காகாது, குரல்தான்.

ஒரு பதிவுக்கு ஒரே விஷயம். 60 முதல் 90 விநாடி போதும். முதல் வாக்கியத்தில் தலைப்பு, இரண்டாவதில் தேதி: “இது பள்ளிச் சேர்க்கை பற்றியது. மார்ச் 3, 2025 அன்று பதிவு செய்தது.” அனுப்பிய குரல்பதிவு பத்துக் குழுக்களுக்குப் பரவிய பிறகு உங்களால் திரும்பப் பெற முடியாது. தேதி குரலுக்குள்ளேயே இருந்தால்தான் இரண்டு வருடம் கழித்துக் கேட்பவருக்குப் பழையது என்று புரியும்.

டேட்டா கணக்கும் பாருங்கள். விநாடிக்கு 16 கிலோபிட் வேகத்தில் ஒரு நிமிடக் குரல் சுமார் 120 கிலோபைட். ஒரு மெகாபிட் வேகத்தில் அதே ஒரு நிமிடம் காணொளி என்றால் ஏழரை மெகாபைட், அறுபது மடங்குக்கு மேல். பேசும் தலை மட்டும் தெரியும் காணொளிக்கு இவ்வளவு செலவு வைப்பது அநியாயம். படிவத்தை எங்கே நிரப்புவது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டுமானால் மட்டும் காணொளி எடுங்கள்.

பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெற்றுச் சுவர் உள்ள அறை எதிரொலிக்கும். துணிமணி நிறைந்த அறை நல்லது.

எதில் அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஊரில் இன்னும் ஆபத்தில் இருக்கும் உறவினரைக் கண்டுபிடிக்க அந்த ஒரு எண்ணே போதும். ப்ராட்காஸ்ட் பட்டியலில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், அந்தத் தொல்லை இல்லை, ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். “அனுப்பினோம், யாருக்கும் வரவில்லை” என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது.

கேள்வி: பிள்ளைகளின் படம் போட்டால் நிறையப் பேர் பார்க்கிறார்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம்.

போடாதீர்கள். உதவி தருபவரிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லத் துணிவு வராது, அதனால் அந்தக் கையெழுத்துக்குப் பெரிய மதிப்பில்லை. முகத்தை மறைத்தாலும் சீருடைச் சின்னம், தெருப் பலகை, பேருந்து எண் காட்டிக்கொடுக்கும். கேமராவில் எடுத்த மூலப் படத்தில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் (வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் எண்கள்) பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அது அப்படியே போகும்.

பிரிந்த உறவினரைத் தேட உதவும் செஞ்சிலுவைச் சங்கத்தின் ‘டிரேஸ் தி ஃபேஸ்’ தளத்தைப் பாருங்கள். தொலைந்தவரின் படம் அங்கே இருக்காது. தேடுகிற உறவினரின் படம் மட்டும், அதுவும் பெயர் இல்லாமல். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: இளைஞர்களுக்கென்று தனி ஆப் ஒன்று...

மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: கூகுள் மொழிபெயர்ப்பை வைத்து எட்டு மொழியில் வெளியிட்டால் என்ன?

வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே வெளியிடாதீர்கள். இயந்திரம் சறுக்கும்போது வாக்கியம் அழகாகவே இருக்கும். ‘கூடாது’ என்பது ‘கூடும்’ ஆகியிருக்கும், அவ்வளவுதான். எண், தேதி, எதிர்மறை வினை மூன்றையும் மொழி தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். எட்டு மொழி முடியாதென்றால் இரண்டு மொழியில் ஒழுங்காகச் செய்யுங்கள்.

மொழி சரியாக இருந்தும் தப்பு வரும். எத்தியோப்பியாவில் மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. நாம் காலை 9 மணி என்பது அவர்களுக்கு 3 மணி. நாட்காட்டிக்குப் பதின்மூன்று மாதம், ஆண்டும் ஏழெட்டு பின்தங்கி இருக்கும். அவர்களுடைய அம்ஹாரிக் மொழியில் நேர்காணல் நேரம் போடும்போது கடிகாரப் படமும் சேர்த்துப் போடுங்கள். எந்த மொழியானாலும் 04/05 என்று எழுதாமல் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். நாள் எது, மாதம் எது என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

கேள்வி: தமிழில் எழுதுகிறோம். விசா, இன்டர்வியூ, லாயர் என்றெல்லாம் எழுதுவது தமிழுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

இல்லை. மறுநாள் காலை அலுவலக வாசலில் நிற்கப் போகிறவருக்கு எழுதுகிறீர்கள். விசாவை ‘நுழைவிசைவு’ என்று எழுதினால் அவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

— அப்படியே விட்டால் தமிழ் எப்படி வளரும்? மக்கள் பழகிக்கொள்வார்கள்.

பழகட்டும், கெடு தேதி உள்ள பக்கத்தில் வேண்டாம்.

— நான் இலங்கைத் தமிழர். பிரச்சினை ஆங்கிலச் சொல் இல்லை. நீங்கள் எல்லோரும் இந்தியத் தமிழில் எழுதிவிட்டு ‘தமிழ்ப் பக்கம்’ என்கிறீர்கள். எங்கள் அம்மாவுக்கு ‘வழக்கறிஞர்’ என்றால் யோசிக்க வேண்டும். சட்டத்தரணி என்றால் உடனே விளங்கும்.

இதுதான் உண்மையான சிக்கல். சட்டத்தரணி–வழக்கறிஞர், வைத்தியசாலை–மருத்துவமனை, நீதவான்–நீதித்துறை நடுவர் என்று பட்டியல் நீளும். ‘மேன்முறையீடு’, ‘மேல்முறையீடு’ இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் தேடும் பெட்டியில் ஒன்றைத் தட்டினால் மற்றது வராமல் போகலாம். வாசகர் யார் என்று தெரிந்தால் அவர் சொல். இருவரும் வருவார்கள் என்றால் முதல் இடத்தில் இரண்டும்: “சட்டத்தரணி அல்லது வழக்கறிஞர்”. அதன்பின் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் வேறு ஆள் என்று நினைப்பார்கள். லாயர், ஆஸ்பத்திரி போன்றவை இரு பக்கமும் புரியும். குரல்பதிவில் தயங்காமல் சொல்லுங்கள்.

— அப்போ ‘நேர்முகத் தேர்வு’ என்று எழுதலாமா? இரு பக்கமும் புரியுமே.

கூடவே கூடாது! அது வேலைக்கு ஆள் எடுக்கும் சொல். ‘தேர்வு’ என்றதும் பாஸ், ஃபெயில் என்று மனம் போகும், மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். புகலிட விசாரணையில் ஒப்பிப்பது போலப் பேசினால் நம்பகத்தன்மைதான் அடிபடும். ‘நேர்காணல்’ அல்லது ‘இன்டர்வியூ’ போதும்.

— கடைசியில் ஆங்கிலமே ஜெயித்தது, அப்படித்தானே?

ஜெயித்தது கடிதம். வந்திருக்கும் நாட்டின் மொழியில் கடிதத் தலைப்பு என்ன சொல்லோ, அதை அந்த எழுத்திலேயே தமிழுக்குப் பக்கத்தில் போடுங்கள். கையிலுள்ள தாளையும் உங்கள் பக்கத்தையும் அவர் பொருத்திப் பார்க்க வேறு வழியில்லை. இந்தச் சண்டையை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ‘அகதி’ என்ற சொல்லே பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை.

இளையோர் பக்கத்துக்கு ‘புதிதாக வந்தவர்கள்’ போதும். சட்ட உரிமை பற்றிய பக்கத்தில் ‘அகதி’ இருக்கத்தான் வேண்டும். ஐ.நா.வின் 1951 அகதிகள் ஒப்பந்தமும் அதன் 1967 நெறிமுறையும் அந்தச் சொல்லுக்குத்தான் பாதுகாப்புத் தருகின்றன. ‘புகலிடம் கோருபவர்’ (விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பவர்) வேறு, ‘அகதி’ வேறு. குழப்பினால் இல்லாத உரிமையை இருப்பதாக நம்புவார்கள்.

கேள்வி: பழைய தமிழ்க் கையேடுகளைத் தளத்தில் ஏற்றினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது.

பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத போனில் ‘அகதி’ என்பது எம், எஃப், ஜே, பி என்று தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். இதற்குப் பயந்து ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவோ சுவரொட்டிப் படமாகவோ போடாதீர்கள். படத்திலிருந்து எழுத்தை எளிதாக நகல் எடுக்க முடியாது. வேறு மொழிக்காரர் அதை மொழிபெயர்ப்பில் ஒட்டிப் பார்க்கவும் முடியாது. ஏற்றும்போது சரிபார்த்த தேதி.

கேள்வி: பதிவுப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டாயம் என்று வைத்தோம். பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

தமிழர்களாகிய நமக்கே தெரிய வேண்டாமா? பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ‘ஆவணத்தில் உள்ளபடி முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி வையுங்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு அதிகாரிகள் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். அதைப் போலி என்று நிராகரிக்கும் நிரலை எடுத்துவிடுங்கள். பொத்தானிலும் இடம் விடுங்கள்: ‘சப்மிட்’டுக்கு அளந்த பெட்டியில் ‘சமர்ப்பிக்கவும்’ உடைந்து நிற்கும்.

கேள்வி: என் உறவினரின் வழக்கு இரண்டாம் முறை மறுக்கப்பட்டது. என்ன எழுதி அனுப்பினால்...

இங்கே வேண்டாம், தகுதி பெற்ற வக்கீலிடம் இன்றே போங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நடைமுறையை விளக்கலாம், ஒருவருடைய வழக்குக்கு யோசனை சொல்லக் கூடாது. பிரிட்டனில் தகுதியில்லாதவர் குடியேற்ற ஆலோசனை தருவது 1999-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காசு வாங்கிக்கொண்டு ‘வேறு நாட்டுக்கு அனுப்பும் பட்டியலில் பெயரைச் சேர்த்துத் தருகிறேன்’ என்பவர்களையும் நம்பாதீர்கள். ஐ.நா. அகதிகள் அலுவலகத்தின் சேவைகள் எல்லாமே இலவசம்.

கேள்வி: இரவு இரண்டு மணிக்குப் பதினாறு வயதுப் பையன் இன்பாக்ஸில் ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று எழுதுகிறான். நாங்கள் தொண்டர்கள்தான். என்ன செய்வது?

அவன் எழுதுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டிய விஷயம் இது. இன்பாக்ஸைத் திறந்து வைக்கும் அன்றே தானியங்கிப் பதில் இருக்க வேண்டும்: எந்த நேரம் பார்ப்போம், உடனடி ஆபத்தென்றால் எந்த எண்ணை அழைப்பது, எந்த மொழியில் பேசலாம். அந்த எண்களை நீங்களே மாதம் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். ஆள் எழுதிவிட்டால் நேரடியாகக் கேளுங்கள், “இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா?” ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தொண்டர் யாரும் சொந்த எண்ணிலிருந்து தனியாகப் பேசக் கூடாது.

வீட்டில் ஒரே போன் என்பதையும் மறக்காதீர்கள். வன்முறை பற்றிய பக்கத்தில், தட்டியதும் வேறு பக்கத்துக்குத் தாவும் ‘உடனே வெளியேறு’ பொத்தான் வைத்தால், அது தேடல் வரலாற்றை அழிக்காது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: ஆப் வேண்டாம் சரி, சின்னதாக ஒரு சாட்பாட்...?

அதுவும் தேதி போடாமல் பழைய விதியைச் சொல்லும். வேண்டாம்.

கேள்வி: பக்கம் பயன்படுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பார்வை எண்ணிக்கையை வைத்து வேண்டாம். ஐந்து பேரை உட்கார வையுங்கள், அவர்களுடைய போனிலேயே பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மாதிரிக் கடிதம் ஒன்றைக் கொடுத்து, “கடைசி நாள் எது? நாளைக்கு எங்கே போவீர்கள்?” என்று கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். அம்மா போனைப் பிள்ளையிடம் நீட்டி ‘நீயே பார்த்துச் சொல்’ என்றால், அந்தப் பக்கத்துக்குக் குரல்பதிவு தேவை.