மூளையின் பிரேக்கும் பழகப் பழக மாறுமா?

மாறும். இரண்டு நரம்பணுக்கள் பேசிக்கொள்ளும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். அடுத்த அணுவை 'சும்மா இரு' என்று அடக்குவது தடுப்பு சினாப்ஸ்; அதுதான் மூளையின் பிரேக். அதற்கு உதவும் வேதிப்பொருள் காபா. நினைவு பதியும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் பத்து அணுக்களில் ஒன்றோ இரண்டோதான் இப்படி அடக்கும் வகை.

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். புது டிரைவர் எல்லா வளைவிலும் ஒரே மாதிரி பிரேக்கை மிதிப்பார் (பின் சீட்டுக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்). பழகியவர் இடம் பார்த்து அழுத்துவார், இடம் பார்த்து விடுவார். மூளையும் அப்படித்தான். ஓர் அணு பலமாகத் துடிக்கும்போது அதற்குள் கால்சியம் நுழைகிறது. அது எவ்வளவு, எப்படி என்பதைப் பொறுத்து, காபாவைப் பிடிக்கும் ஏற்பிகள் அந்தச் சந்திப்பில் கூடலாம், குறையலாம். சில சந்திப்புகளில் அடக்கப்படும் அணுவே பின்னோக்கி ஒரு பொருளை அனுப்பி, 'காபாவைக் குறை' என்கிறது. கஞ்சாவில் உள்ளதைப் போலச் செயல்படும் அந்தப் பொருளை மூளை தானே தயாரிக்கிறது! அப்புறம், பிரேக் தளர்ந்த இடத்தில் புது நினைவு சுலபமாகப் பதியும்.

தடுப்பு என்றதும் மறதி என்று பலர் நினைக்கிறார்கள். பிரேக்கே இல்லாமல் எல்லா அணுக்களும் சேர்ந்து துடித்தால் வருவது ஞாபகசக்தி அல்ல, வலிப்பு.