சூடானதும் நின்றுவிடும் சத்தம்

கேள்வி: என்னுடையது 18 வருடப் பழைய பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. ரேஸ் கொடுத்தால் சத்தமும் வேகமாகிறது. வண்டி நன்றாகச் சூடானதும் கேட்பதில்லை. மெக்கானிக் "எஞ்சினை இறக்கிப் பார்த்துடலாம்" என்கிறார். இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். எஞ்சினை இறக்கவைக்கும் பெரிய கோளாறு, பிஸ்டனின் அசைவை அடியில் சுற்றும் தண்டுக்குக் கொண்டுபோகும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்வது. அதன் குணம் இதற்கு நேர்மாறு. சூட்டில் ஆயில் இளகிவிடுவதால் தேய்ந்த பேரிங் சத்தம் வண்டி சூடான பிறகுதான் கூடும். அதுவும் 'டிக்' என்று வராது, அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வரும்.

முதலில் ஆயிலைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஸ்பானரைத் தொடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

ஆயில் சரி என்றால், என் முதல் சந்தேகம், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு மேல்தான். பழைய வண்டிகளில் அதன் இடுக்கை அடைக்கும் கேஸ்கட் ஓட்டையாகும், அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் உடையும், சில சமயம் இரும்பே விரிசல் விடும். குளிர்ந்திருக்கும்போது அந்த இடுக்கு வழியாகப் புகை 'டிக் டிக்' என்று அடிக்கும். சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்ததும் சத்தம் போய்விடும். கேட்டால் அச்சு அசல் டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம் மாதிரியே இருக்கும், அனுபவசாலிகளே ஏமாறுவார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து, மேனிபோல்டு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். கறுப்பாகக் கரி படிந்திருந்தால் அங்கேதான் கசிகிறது. புகை கசிவதால், மூடிய இடத்தில் வண்டியை ஓடவிடாதீர்கள்.

கரி இல்லையா? அப்புறம் டேப்பட். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு கவர் போல்ட்டில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும். சத்தம் அங்கே கூர்மையாகக் கேட்டால் டேப்பட்தான். ஸ்க்ரூ வைத்த டேப்பட் என்றால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இடைவெளியைச் சரிசெய்யலாம். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் இரவில் வடிந்த ஆயில் மறுபடி ஏறும்வரை தட்டும். அதற்கு, கம்பெனி புத்தகத்தில் சொல்லியிருக்கும் கிரேடில் புது ஆயிலும் ஃபில்டரும் மாற்றிப் பாருங்கள்.

ஓடும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அந்த இடத்திலேயே ஆஃப் செய்துவிடுங்கள்.

கேள்வி: நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது 'கர்ர்' என்கிறது. கிளட்ச் மிதித்தால் நிற்கிறது. எஞ்சின் கோளாறா?

பதில்: இல்லை, கியர்பாக்ஸ். கிளட்ச் மிதிக்காதவரை கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும், மிதித்தால் நின்றுவிடும். சந்தேகம் அந்த ஷாஃப்ட் பேரிங் மேல். கியர் ஆயில் குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். எந்தப் பேரிங்கை மாற்றுவதானாலும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டின் தேய்மானத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.