விழா முடிந்த மறுவாரம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ஆறு முதல் எட்டு வரை வகுப்புகள் உள்ள பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். நூலகம் என்றால் ஓர் அறை, சுமார் 1,800 புத்தகங்கள், 25 பேர் உட்கார நாற்காலி. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம். வகுப்புக்கு 45 பிள்ளைகள்.

சென்ற ஆண்டு நூலக விழா நடத்தினோம். வினாடி வினா, ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, கதாபாத்திர மாறுவேடம் எல்லாம் வைத்தோம். கூட்டத்துக்குக் குறைவில்லை. மறுவாரம் இரவல் பதிவேட்டைப் புரட்டினால், எப்போதும் எடுக்கும் அதே பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான். இந்த ஆண்டு ‘அதிகப் புத்தகம் படிப்பவருக்குப் பரிசு’ என்று அறிவிக்கலாமா என்று யோசிக்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் வந்தாலும் ஜன்னலோரம் நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். இவர்களைப் புத்தகம் எடுக்கவைக்க என்ன நிகழ்ச்சி நடத்தலாம்? கடிதத்தை வெளியிட்டால் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

விழா முடிந்த மறுவாரம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தீர்களே, அதற்காகவே இந்தக் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதத் தோன்றியது. பல பள்ளிகளில் கைதட்டல் அடங்கியதும் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் விழாப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நான்கு போட்டிகளிலும் ஒரு பிள்ளை எந்தப் புத்தகத்தையும் திறக்காமலே முதல் பரிசு வாங்கிவிட முடியும். ஆகவே எந்த நிகழ்ச்சியைத் திட்டமிட்டாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 40 நிமிடத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் புத்தகம் இருக்குமா? மணி அடிக்கும்போது அது பிள்ளையோடு வெளியே போகுமா? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் அதைப் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தள்ளிவிடலாம். நூலகப் பாடவேளையை அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

பரிசு யோசனையை விட்டுவிடுங்கள். எண்ணிக்கைக்குப் பரிசு என்றதும் பிள்ளைகள் தேடுவது ஒல்லிப் புத்தகத்தைத்தான். 32 பக்கப் படக்கதை நான்கை ஒரே நாளில் முடிப்பவன் முன்னால் போவான். 240 பக்க நாவலை மூன்று வாரமாக விடாமல் படிப்பவள் பின்தங்குவாள். இரண்டாம் வாரத்திலேயே, இது நமக்கு எட்டாது என்று முக்கால்வாசி வகுப்பு கழன்றுகொள்ளும். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்டபோது, அந்தப் பிரிவு வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். அவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகள், உங்களிடம் இருப்பவர்கள் பதினொன்று முதல் பதினான்கு வயதுக்காரர்கள் என்பது உண்மை. ஆனாலும் உங்கள் நூலகத்தில் ஏற்கெனவே ஆசையோடு படிப்பது அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர்தானே. பரிசு முதலில் கெடுத்துவைப்பது அவர்களைத்தான்.

முதலில் செய்ய வேண்டியதாக நான் சொல்வது ஐந்து மேசை: மேசைக்கு ஒரு வகைப் புத்தகங்களைப் பரப்பிவைத்து, பிள்ளைகளைக் குழுக்குழுவாக மேசை மாற்றிப் புரட்டிப் பார்க்கவிடுவது. புத்தகங்களை ருசிபார்ப்பது என்ற பொருளில் ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் தின்பண்டத்தை எதிர்பார்த்து வந்துவிடக்கூடும் என்பதால் அந்தப் பெயர் வேண்டாம்.

45 பேரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடாதீர்கள். 23 பேர் இந்த வாரம், 22 பேர் அடுத்த வாரம். மிச்சப் பாதி வகுப்பறையிலேயே இருக்கட்டும். அங்கே 30 புத்தகங்கள் உள்ள பெட்டி ஒன்றை அனுப்பிவிடுங்கள். அவர்களோடு உட்கார ஓர் ஆசிரியர் வேண்டும். இதைத் தலைமையாசிரியரிடம் முந்தின வாரமே பேசி முடித்துவிடுங்கள், அன்று காலையில் போய்க் கேட்டால் ஆள் கிடைக்காது.

மேசைக்கு நான்கைந்து பேர், எட்டுப் புத்தகம். ஆளைவிடப் புத்தகம் அதிகம் இருந்தால்தான் கடைசியாக உட்காரும் பிள்ளைக்கும் தேர்ந்தெடுக்க ஏதாவது மிஞ்சும். துப்பறிதலும் பேயும் ஒரு மேசை, விண்வெளியும் இயந்திரமும் ஒரு மேசை, வாழ்க்கை வரலாறு, விளையாட்டும் புதிரும், படக்கதை என்று மொத்தம் ஐந்து. ஒவ்வொரு மேசையிலும் 100 பக்கத்துக்குள் முடிகிற புத்தகம் குறைந்தது மூன்று இருக்கட்டும். அடுக்கிவைக்காமல், அட்டை மேலே தெரியும்படி பரப்புங்கள்.

நேரக் கணக்கு இது: விளக்கம் 5 நிமிடம். ஆறு ஆறு நிமிடமாக நான்கு சுற்று, 24. இடம் மாற மூன்று நிமிடம். மிச்சம் 8 நிமிடம் புத்தகத்தைப் பதிந்து எடுத்துப்போக. ஐந்து மேசைக்கு நான்கு சுற்றுதான் என்பதால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேசை விட்டுப்போகும். போகட்டும். விட்டுப்போன மேசையைப் பார்க்கத்தான் மறுநாள் இடைவேளையில் சிலர் எட்டிப்பார்ப்பார்கள்.

ஆறு நிமிடத்தில் முதல் நிமிடம் அட்டைக்கும் பின்னட்டைக்கும். நான்கு நிமிடம் முதல் பக்கங்களுக்கு. கடைசி நிமிடம் சீட்டு எழுத. ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் ஒரு சீட்டு. அதில் புத்தகத்தின் பெயர், நிறுத்திய பக்க எண், பக்கத்தில் ‘வேண்டும் / பார்க்கலாம் / வேண்டாம்’ இவற்றில் ஒன்றைச் சுழிக்க இடம். அவ்வளவுதான். ‘கதைச் சுருக்கம்’, ‘நான் கற்ற நீதி’ என்று ஒரு கட்டம் போட்டீர்களோ, பிள்ளைகள் அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் படிப்பார்கள். ‘வேண்டாம்’ என்று சுழிப்பதற்கு வெளிப்படையாகவே அனுமதி கொடுங்கள். பள்ளியில் ஒரு புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வேறு இடமே கிடையாது.

முதல் சுற்று பெரும்பாலும் வீணாகும். என்ன செய்வதென்று புரியாமல் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் விளக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். வாயால் விளக்காமல் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, புரட்டி, இரண்டு வரி படித்து, சீட்டு எழுதிக் காட்டுங்கள். இன்னொரு சிக்கல், ஒரே புத்தகத்தை மூன்று பேர் கேட்பது. ஒரு நோட்டில் கேட்ட வரிசைப்படி பெயர் எழுதி, முதல் ஆளுக்கு மட்டும் ஒரு வாரக் கெடு கொடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் ஒரு புத்தகம் ஏறிவிட்டால் அப்புறம் அதற்கு வேறு விளம்பரம் தேவையில்லை.

எல்லாம் சரியாக நடந்து கடைசியில் கவிழ்வது பதிவு மேசையில். ஒரு புத்தகத்தைப் பதிவேட்டில் கையால் எழுத அரை நிமிடம் என்று வைத்தாலும் 23 பேருக்குப் பதினொன்றரை நிமிடம். உங்களிடம் இருப்பது எட்டு. வரிசையின் பின்பாதி, மணி அடித்ததும் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு ஓடிவிடும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதைப் பெரிய தத்துவமாக எண்ண வேண்டாம், உங்களுக்கு அது இந்த மூன்றரை நிமிடம்தான். முந்தின நாளே அந்த 40 புத்தகங்களிலும் பெயரும் பதிவு எண்ணும் எழுதிய அட்டை ஒன்றைச் செருகிவையுங்கள். கெடு தேதி முத்திரை குத்திய தனிச்சீட்டு ஒன்றும் உள்ளே இருக்கட்டும். எடுக்கும் பிள்ளை அட்டையில் தன் பெயரையும் வகுப்பையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும். மேசைக்கு ஒரு பேனாவும் ஒரு பெட்டியும் இருந்தால் ஐந்து மேசையிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். பதிவேட்டில் நீங்கள் மாலையில் ஏற்றிக்கொள்ளலாம்.

மற்ற வாரங்களில் வாசலிலேயே நூல் அறிமுகம் செய்யுங்கள். ஐந்து புத்தகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ‘இது நட்பின் பெருமையைச் சொல்லும் அருமையான சாகச நாவல்’ என்று தொடங்கினால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். ஒரு கற்பனைக் கதையை வைத்துக் காட்டுகிறேன்: ‘தீவில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். கையில் ஒரு தீப்பெட்டி. அதில் நான்கே குச்சி. முதல் இரவே ஒருத்தி பயத்தில் மூன்றைக் கிழித்து வீணாக்கிவிட்டாள்.’ இங்கே நிறுத்திவிட்டு அடுத்த புத்தகத்தை எடுக்க வேண்டும். நான்காவது குச்சி என்ன ஆயிற்று என்று கேட்பார்கள், சொல்லக் கூடாது. நீங்கள் படிக்காத புத்தகத்தை மட்டும் அறிமுகம் செய்யாதீர்கள். இரண்டே கேள்வியில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு வருவோம். அந்த வயதில் நாலு பேர் பார்க்க அலமாரி முன்னால் நின்று கதைப் புத்தகம் தேடுவதே கூச்சம். அவர்கள் நிற்கிற இடத்துக்குப் புத்தகத்தை நகர்த்துங்கள். ஜன்னலோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு தாங்கி, அதில் அட்டை தெரியப் பத்துப் புத்தகம். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் அடுக்கியிருந்தால் 796 விளையாட்டு, 629 வண்டியும் விமானமும் விண்கலமும், 567.9 டைனோசர், 793.73 புதிர் ஆகிய தட்டுகளிலிருந்து எடுக்கலாம். படக்கதை இரண்டு மூன்று சேருங்கள். நேர்வெயில் பட்டால் அட்டை வெளுக்கும், ஆகவே ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுங்கள். ‘பாருங்கள், எடுங்கள்’ என்று எதுவும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் அவர்களிடம் பலிக்கும்: பழுதுபார்க்கும் மேசை. நான்கு நான்கு பேராகக் கூப்பிட்டு, அட்டை ஆட்டம் காணும் கெட்டி அட்டைப் புத்தகங்களைக் கொடுங்கள். மெல்லிய பின்னல் ஊசியில் வெள்ளைப் பசையைத் தடவி, புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முதுகுக்கும் அட்டைக்கும் இடையே திறந்திருக்கும் இடுக்கில் மேலிருந்து சுழற்றியபடி விட வேண்டும். பிறகு கீழிருந்தும் அப்படியே. வழிந்ததை உடனே துடைத்து, அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவே பாலிதீன் தாள் ஒன்று வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஒரு ராத்திரி விடுங்கள். பாலிதீன் வைக்க மறந்தால் அட்டையும் முதல் பக்கமும் ஒட்டிக்கொள்ளும், அது முதல் தடவை கட்டாயம் நடக்கும். செலோடேப் பக்கமே போக வேண்டாம். சில ஆண்டில் மஞ்சளாகிப் பசை கக்கி, பக்கத்துத் தாளையும் சேர்த்துப் பிடிக்கும். தான் ஒட்டிய புத்தகம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மறுநாள் வருகிற பையன், அதைத் திறந்துதான் பார்ப்பான்.

போட்டி இல்லாமல் முடியாது என்றால் வினாடி வினாவையே மாற்றிக்கொள்ளலாம். பத்துப் புத்தகங்களின் பட்டியல், ஐவர் அணி ஆறு, அணியில் ஆளுக்கு இரண்டு புத்தகம், எட்டு வாரம். ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பிரதி, இரண்டு வாரக் கெடு என்றால் எட்டு வாரத்தில் எட்டு முறை கைமாறும். தேவை ஆறுதான், தாமதமாகத் திருப்புபவர்களுக்கு இரண்டு முறை மிச்சம். ஒரே பிரதி வைத்துத் தொடங்கினால் ஐந்தாம் வாரத்தில் சண்டை வரும். கேள்விகள் எல்லாம் ‘எந்தப் புத்தகத்தில்’ என்றே தொடங்கட்டும்: எந்தப் புத்தகத்தில் உடைந்த குடை ஒன்று உயிரைக் காப்பாற்றுகிறது என்பதுபோல. கேள்வியைக் கதையின் நடுப்பகுதியிலிருந்து எடுங்கள். தொடக்கமும் முடிவும் இணையத்தில் கிடைத்துவிடும்.

காக்கித்தாளில் பொதிந்து மூன்று குறிப்பு மட்டும் எழுதிவைக்கும் ‘மறைபுத்தகம்’ ஆண்டுக்கு ஒருமுறை நல்லது, அதற்குமேல் சலித்துவிடும். பதிவு எண்ணைப் பொதியின் வெளியே எழுத மறக்காதீர்கள், இல்லையென்றால் பதியப் பிரித்துப் பார்க்க நேரும். டேப்பை அட்டைமேல் படாமல் தாள்மேல் மட்டும் ஒட்டுங்கள். முதுகில் உள்ள பெயர்கள் கவிதை வரிகளாக வரும்படி புத்தகங்களை அடுக்குவது படத்துக்கு அழகு. ஆனால் நடுவில் பின்னடித்த ஒல்லிப் புத்தகங்களுக்கு முதுகே கிடையாது, பாதி நூலகம் அந்த ஆட்டத்தில் சேராது. ஏப்ரல் 2 சர்வதேசக் குழந்தைகள் புத்தக நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், அக்டோபரில் பள்ளி நூலக மாதம் என்று நாட்காட்டியில் சாக்குகளுக்குக் குறைவில்லை. வசதிப்பட்டால் பயன்படுத்துங்கள், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கணக்கு மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம், மறுவாரம், நான்காம் வாரம் என இரவல் போன புத்தகங்களுக்கு மூன்று எண்கள், ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டு முதன்முறையாகப் புத்தகம் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பது தனியாக. மறுவாரம் ஏறி, நான்காம் வாரம் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தால் நிகழ்ச்சியைக் குறை சொல்வதற்கு முன் அலமாரியைப் பாருங்கள். முதல் புத்தகம் பிடித்துப்போனவனுக்கு அதே மாதிரி இரண்டாவது ஒன்று இல்லாமல் போயிருக்கலாம்.

தலைமையாசிரியர் அறிக்கைக்குப் படம் கேட்பார். ஐந்து மேசையில் மூன்றாம் சுற்றில் எடுங்கள். முதல் சுற்றில் எடுத்தால் எல்லாரும் கேமராவையே பார்ப்பார்கள். படத்தின் அடியில் அந்த மூன்று எண்களையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.