அமெரிக்க யூத அமைப்புகள் சமூகநீதிப் பணிக்கு இளைஞர்களை எப்படித் தயார்படுத்துகின்றன?

வாஷிங்டனில் சீர்திருத்த யூதப் பிரிவினர் நடத்தும் மதச் செயல்பாட்டு மையத்தைப் பாருங்கள். 1964 சிவில் உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் இரண்டிலும் சில பகுதிகள் அதன் கூட்ட அறையில் எழுதப்பட்டவை.

அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ‘லெதக்கேன்’ என்றொரு வார இறுதிப் பயிற்சி உண்டு. துப்பாக்கிக் கட்டுப்பாடு, குடியேறிகளின் உரிமை என்று ஒரு பிரச்சினையை எடுத்து, யூத மறைநூல்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன, நாடாளுமன்றத்தில் எந்த மசோதா நிலுவையில் இருக்கிறது என்று படிக்கிறார்கள். அப்புறம் உட்கார்ந்து தாங்களே பேச்சு எழுதுகிறார்கள். திங்கட்கிழமை தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கே போய் அதை வாசிக்கிறார்கள். பெரும்பாலும் கேட்பவர் அங்குள்ள உதவியாளர்தான். ஆனாலும் வாக்களிக்கும் வயதுகூட வராத ஒருவர், இந்த மசோதாவை ஆதரியுங்கள் என்று நேருக்கு நேர் கேட்கிறாரே, அதுதான் முக்கியம்.

கல்லூரி முடித்தவர்களுக்கு ஓராண்டு முழுநேர வேலையும் உண்டு.