தார் வெட்டிய பிறகு

கேள்வி: மூன்று ஏக்கரில் வாழை. தார் வெட்டியதும் மரத்தை அப்புறப்படுத்தவே தனியாகக் கூலி ஆகிறது. நார் உரிக்கிற மிஷின் வாங்கிப் போட்டால் கூலி போக லாபமும் நிற்கும் என்கிறார் ஒரு வியாபாரி. வாங்கலாமா?
- வாசகர், லால்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். வாழை பேருக்குத்தான் மரம், உள்ளே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 1 டன் தண்டை உரித்தால் காய்ந்த நார் 10 கிலோ தேறினாலே நல்ல கணக்கு, அதனால் தண்டை வண்டியில் ஏற்றித் தூரத்துக்குக் கொண்டுபோனால் தண்ணீருக்கு வாடகை கொடுத்த கதைதான். மிஷின் தோட்டத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தண்டும் வாடுவதற்குள் உரித்துவிட வேண்டும். மூன்று ஏக்கருக்குத் தனி மிஷின் வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

மிஷினில் பெரிய வித்தை கிடையாது. சுழலும் உருளையில் மழுங்கிய தகடுகள் இருக்கும். மட்டையின் ஒரு பாதியை உள்ளே விட்டு வெளியே இழுத்தால் சதை சீவப்பட்டு நார் கையில் நிற்கும், அப்புறம் திருப்பிப் பிடித்து மறுபாதி. சதை ஒட்டிக்கொண்டிருந்தால் காயும்போது நார் கறுத்துப் போகும். (பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள், வாழைக்கறை துவைத்தால் போகாது.) வெளிமட்டை நார் முரடு, கயிறுக்கும் மிதியடிக்கும் சரி. உள்ளே போகப் போக மெல்லியதாக வரும், சென்னைப் பக்கம் அனகாபுத்தூரில் சேலையில் சேர்த்து நெய்கிறார்களே, அதற்கெல்லாம் மெல்லிய நார்தான் தோது. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். வாங்குகிறவர் எந்த நார் கேட்கிறார் என்று பேசி முடித்துவிட்டு மிஷின் விலையைக் கேளுங்கள். அந்த வியாபாரியே நாரையும் எடுத்துக்கொள்வாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

சீவின சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், சாம்பல் சத்து (பொட்டாஷ்) நிறைய உள்ளது. மட்க வைத்து வாழைக்கே போடலாம். குஜராத்தில் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் தண்டுச் சாற்றிலிருந்து திரவ உரமே தயாரித்திருக்கிறது. திருச்சி தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான், ஒரு நடை போய் விசாரியுங்கள்.

கேள்வி: ஜப்பான் பண நோட்டில் வாழைநார் இருக்கிறதாமே, நிஜமா?
- வாசகி, தேனி

பதில்: பாதி நிஜம். அது அபாக்கா, நம் வாழைக்குப் பங்காளி. நாருக்காகவே பிலிப்பைன்ஸில் பயிராகிறது. கப்பல் கயிறு திரித்ததும் அதில்தான், உப்புத் தண்ணீரில் லேசில் இற்றுப்போகாது. பழத்தை நம்பி மட்டும் வளர்க்காதீர்கள், வெறும் விதை.